எந்தக் கல்?

நீ இதைப் படிக்கும்போது கப்பலின் ஆட்டம் இன்னும் உன் கால்களை விட்டுப் போயிருக்காது. மாடி வீட்டுப் பெண் நாளைக் காலை விமானத்தில் சென்னை போகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ மூன்று நாள் கடக்கும் கடலை இந்தக் கடிதம் இரண்டு மணி நேரத்தில் கடந்து, உன் அறையின் வீட்டுக்காரரிடம் உனக்காகக் காத்திருக்கும். இரைச்சலும் காதடைப்பும் ஆகாது என்று நாற்பத்திரண்டு வயதிலும் நீ கப்பலில்தான் போகிறாய். போ. மேல்தளத்தில் யாரும் வராத மூலை எது என்று உனக்குத் தெரியும்.

இன்று காலை ஹாடோ கப்பல் துறையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "டாக்டர் திங்கக்கிழமை உங்களுக்குப் போன் பண்ணுவார்மா. நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு கேப்பார். இப்ப அதைச் சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. பேசுவீங்களா?" நான், "கல், கல். நீ போ. பையைப் பார்த்துப் பிடி" என்றேன். நீ அப்படியே நின்றுவிட்டாய். பின்னாலிருந்த வங்காளிக்காரர் மூட்டையோடு உன் முதுகில் முட்டி, "சலோ பாய், சலோ!" என்று கத்தினார். நீ நகரவில்லை. என் புருவ நடுவைப் பார்த்து, "எந்தக் கல்?" என்று கேட்டாய். கூட்டம் உன்னைத் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இதை நீ உன் டாக்டருக்கும் படித்துக்காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். எதையும் உனக்குள் வைத்துக்கொள்ள உனக்கு வராது. அதனால் அவருக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

இந்தியில் ‘கல்’ என்றால் நேற்று. நாளைக்கும் அதே சொல்தான். போனதா வரப்போவதா என்பது பின்னால் வரும் வினைச்சொல்லில்தான் தெரியும். தெலுங்கரும் மலையாளியும் வங்காளியும் நாமும் ஒரே கடையில் நின்று பேச இந்தியை விட்டால் வழியில்லாத இந்தத் தீவு ஊரில், அந்தச் சொல் நம் வீட்டுத் தமிழுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்த உன் அப்பா அதை எண்ணெய்க் கறையோடு தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கல் பாக்கலாம்டா", "கல் வாங்கித் தரேன்டா" என்பார். மற்றப் பிள்ளைகள் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தார்கள். நீ முதல் சொல்லிலேயே நின்றுவிடுவாய். "எந்தக் கல்?" என்பாய். "அம்மிக்கல்லுடா!" என்பார் அவர். நீ போய் அம்மியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றும் இல்லை என்பாய். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். "கல் கா கால்", அதாவது ‘கல்’லுக்கான அழைப்பு, என்று யார் சொன்னாலும், "போன கல்லா, வர்ற கல்லா? தெளிவாச் சொல்லுங்க" என்று கேட்பேன். சக ஊழியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வீட்டிலும் நான் அப்படிக் கேட்டால் உன் அப்பா கும்பிடுவார். "எக்ஸ்சேஞ்ச் மேடம், இது வீடு. லைனைக் கட் பண்ணுங்க."

நீ ஏழாவது படிக்கும்போது உன் வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பையன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, திருட்டுப் பழக்கம் ஏதும் இருக்கிறதா பாருங்கள் என்றார். அன்று மாலையே உன்னைக் கண்ணாடிமுன் நிறுத்தினேன். கண்ணைப் பார்க்க வேண்டாம், இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை தலையை அசை. எல்லோரும் சிரித்தால் நீயும் சிரி, அவர்கள் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடு. திருநெல்வேலியில் எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீகள் நடையும் உட்காரும் விதமும் உச்சரிப்பும் சொல்லித்தந்த அதே கண்டிப்போடு இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தந்தேன். நீ அழுத நாட்களும் உண்டு. இப்போதெல்லாம் அம்மாக்கள் இதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நீ வாங்கிவைத்த புத்தகம் ஒன்றில் பார்த்தேன். நான் கேட்கப்போவதில்லை. என் கையில் வேறு ஆயுதம் இருக்கவில்லை. அது இல்லாவிட்டால் உன்னை அந்தப் பள்ளியிலிருந்தே அனுப்பியிருப்பார்கள். அதற்கு நீ கொடுத்த விலை என்ன என்பது எனக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் இருட்டும்வரை படுத்துக்கிடப்பாய். சோற்றுத் தட்டை அங்கேயே தள்ளுவேன். யாராவது வந்தால் பையன் தூங்குகிறான் என்பேன்.

சுனாமி வந்த வாரத்தில்தான் நீ யார் என்று இந்த ஊருக்குத் தெரிந்தது. தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்க, துறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் கத்தவில்லை. ஒரு பலகையில் மூன்று வரி எழுதித் தூக்கிப் பிடித்தாய்: காயம் பட்டவர் இந்தப் பக்கம், தனியாக வந்த பிள்ளைகள் என்னிடம், மற்றவர்கள் நீல லாரி. ஐ.ஏ.எஸ். அதிகாரியே வந்து உன் பலகையைப் படித்துவிட்டு நீல லாரிப் பக்கம் போய் நின்றார் என்று உன் அப்பா மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். ஊரே குழம்பிக் கிடந்தபோது நீ மட்டும் தெளிவாக இருந்தாய். அது அடங்கியதும் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாய். உனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது.

அடுத்த வருடம் மீட்புப் படகு ஓட்டச் சொல்லித்தர நீ தெற்குத் தீவிலிருக்கும் ஹட்பே போயிருந்தபோது உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிக்னல் கோபுரங்கள் எல்லாம் விழுந்து, தொலைபேசி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றிருந்த காலம். நான் கட்டிலருகில் இருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி தாதா எப்படியோ ஹட்பே துறை அலுவலகத்தைப் பிடித்துச் செய்தி சொன்னார். லைன் பாதியில் அறுந்தது. "உஸ்கே பாப் கா ஆபரேஷன் கல்", அவன் அப்பாவுக்கு ஆபரேஷன் ‘கல்’, என்பதோடு முடிந்துவிட்டது. வினைச்சொல் போய்ச் சேரவில்லை. உன்னிடம் வந்தது ‘கல்’ மட்டும்தான். அந்த ஒருமுறை நீ "எந்தக் கல்?" என்று கேட்கவில்லை. கேட்டால் அங்கிருந்த பையன்கள் சிரிக்கிறார்கள் என்று அப்போதுதான் கேட்பதை நிறுத்தப் பழகியிருந்தாய். ஆபரேஷன் நேற்றே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாய். அன்று மதியம் புறப்பட்ட கப்பலில் நீ ஏறவில்லை. அவர் மறுநாள் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார்.

அடுத்த கப்பலில் வந்தாய். உடம்பு தேறுகிறவருக்கு என்று ஒரு சாக்கு இளநீரோடு ஷாதிபூர் மேட்டில் நம் வீட்டுக்கு ஏறி வந்தாய். வாசலில் பந்தல். நீ சாக்கை இறக்கிவிட்டு, "அப்பா எங்கே?" என்றாய். யாரோ சொன்னார்கள். நீ அழவில்லை. சாக்கை அவிழ்த்து, இளநீர்களைப் பெரிதிலிருந்து சிறிதாகச் சுவரோரம் வரிசையாக வைக்கத் தொடங்கினாய். வைத்தாய், கலைத்தாய், மறுபடி வைத்தாய். கராச்சர்மாவிலிருந்து வந்திருந்த உன் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பெத்த அப்பன் போய் எரிச்சு முடிச்சாச்சு, இவன் என்னடான்னா காய்கறிக் கடை போட்டுக்கிட்டு இருக்கான்" என்றாள். "அவன் அடுக்கட்டும். உங்களுக்குக் காபி வேணுமா, வேண்டாமா?" என்றேன். எனக்கு எவ்வளவு திமிர் என்று அவள் அதற்கப்புறம் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாவிலிருந்துதான் நீ தலைவன் ஆனாய் என்று நினைக்கிறேன். படகுப் பயிற்சி நிலையத்துக்கு உன்னைப் பொறுப்பாளராக வைத்தபோது நீ போட்ட முதல் விதி, இங்கே யாரும் ‘கல்’ என்று சொல்லக் கூடாது என்பது. கிழமை சொல்ல வேண்டும், இல்லையென்றால் தேதி. பையன்கள் உனக்குத் ‘தாரீக் சார்’ என்று பெயர் வைத்தார்கள். தேதி வாத்தியார். பிறகு ஹாரனை எடுத்துவிட்டுக் கொடி வைத்தாய். ஹாரன் உன் காதைக் கிழிக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் எஞ்சின் சத்தத்தில் ஹாரனைவிடக் கொடிதான் உதவும் என்பதை ஒரே மழைக்காலத்தில் எல்லோரும் கண்டுகொண்டார்கள். குழுத் தலைவர்களுக்கு நீ பயிற்சி கொடுத்ததை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். "‘புரிஞ்சுதா?’ன்னு கேக்காதே. எல்லாரும் ஆமான்னுதான் சொல்வான், நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ‘இப்ப நீ என்ன செய்யப் போறே?’ன்னு கேளு. அவன் சொல்றதுல தெரிஞ்சிடும்." கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கே யாரும் இதைச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

போன வருடம் நீ சென்னை போய் வந்தாய். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்னும் ஓர் அமர்வு பாக்கி என்றாய். பரீட்சையில் தேறியவன் முகம் உனக்கு. "இத்தனை நாள் நான் ரிப்பேரான ஆளுன்னு நினைச்சேன்மா. நான் வேற மாடல், அவ்வளவுதான்" என்றாய். உன் அப்பா இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். நான் அப்போதே வாயை மூடிக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நிலையத்தின் ஆண்டுவிழாவில் மேடையேறி, பெற்றோர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாய். கொடி ஏன், தேதி ஏன், காலையில் அரை மணி நேரம் யாரும் பேசாமல் வேலை செய்வது ஏன் என்று ஒவ்வொன்றாக விளக்கினாய். புரிந்துகொண்டால் மதிப்பார்கள் என்று நம்பினாய். ஜங்லிகாட்டில் வலைக்கடை வைத்திருக்கும் நம் தமிழ்க்காரர் ஒருவர் எழுந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடல் வெளையாட்டு இல்ல. தலைக்கு டாக்டர் சீட்டு வாங்குனவர் கையில புள்ளைய எப்படி நம்பி விடுறது?" நீ யோசித்துவிட்டு, "கடல் விளையாட்டு இல்லைங்கறது சரிதான்" என்றாய். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய், அவர்கள் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினாய். பின்வரிசையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். "நீங்க ஆபீஸ்ல ரெஸ்டா இருங்க சார்" என்றார்கள். நீ ஐந்து வருடம் வளர்த்த பையனையே பொறுப்பாளராக்கினார்கள். நீ ராஜினாமா கொடுத்தாய். இது உனக்குத் தெரியாது: போன வாரம் மீன் வாங்க ஜங்லிகாட் போயிருந்தேன். துறைப் பக்கம் ஹாரன் கேட்டது. அந்தப் பையன் படகிலிருந்த ஒருவனை வரச்சொல்லி, "கல் ஆனா, கல்!" என்று கத்திக்கொண்டிருந்தான். உன் விதி உன்னோடு போய்விட்டது. இதை மறைத்து உன்னைத் தேற்ற எனக்கு வராது. அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். சென்னையில் உன்னைப் போன்ற தலைவர்களுக்குப் பயிற்சி தரப்போவதாகச் சொல்கிறாய். தா. நீ நன்றாகச் செய்வாய். ஆனால் அங்கேயும் ஒருவர் எழுந்து நிற்பார், கூட்டம் சிரிக்கும். உன்னிடம் வருகிறவர்களிடம், தன்னைத் தெரிந்துகொண்டால் உலகம் இடம் விடும் என்று மட்டும் சொல்லிவிடாதே. உனக்கு விடவில்லை. அவர்கள் கட்டிலுக்கு அடியில் படுத்தால் தட்டை உள்ளே தள்ளச் சொல். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் அமர்வில் நடந்ததை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாய். கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறீர்களே என்று டாக்டர் கேட்டாராம். இல்லை, புருவ நடுவைப் பார்க்கிறேன், அம்மா சொல்லிக்கொடுத்தது என்றாயாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டாராம். அதையும் ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டு நீ ரசம் சோற்றைப் பிசைந்தாய். நான் மோர் எடுக்கப் போகிறேன் என்று எழுந்தேன். அடுக்களையில் வெகுநேரம் நின்றேன். மோர் மேசைமேல்தான் இருந்தது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வயதில், மதர் சுபீரியர் முன்னால் நின்றபோது நானே கண்டுபிடித்தேன். கல்யாண வீடுகளில் மேளம் தொடங்கியதும் பின்வாசல் வழியாக வெளியே வந்து நிற்பேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். யாராவது கையைத் தொட்டால் உதறிவிடுவேன். திமிர். தட்டில் கறியும் சோறும் ஒட்டினால் சாப்பிட மாட்டேன். கான்வென்ட் திமிர். வேறு என்ன பெயரெல்லாம் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். திமிரே தேவலை என்று அதை எடுத்து உடுத்திக்கொண்டேன். எழுபத்தாறு வயதுவரை நன்றாகவே உழைத்தது. கண்ணாடிமுன் நான் உனக்குச் சொல்லித்தந்தது மரியாதை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு அது. தலைமுறைச் சொத்து மாதிரிக் கொடுத்தேன்.

இதற்கு இப்போது பெயர் கிடைத்து என்ன ஆகப்போகிறது? நாற்பத்திரண்டில் அது உனக்கு வேறு மாடல். எனக்கு எந்த மாடலும் வேண்டாம். நான் உதறிய கையெல்லாம் திரும்பி வராது. முக்கியமாக உன் அப்பா. முப்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்தவர், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தின மாலை என் விரலைப் பிடிக்க வந்தார். நான் போர்வையைச் சரிசெய்வதுபோலக் கையை எடுத்துக்கொண்டேன். "பரவாயில்ல மேடம்" என்றார். அவரிடம் சொல்ல அப்போது என்னிடம் சொல் இல்லை. இன்று சொல் இருக்கிறது, கேட்க அவர் இல்லை. உன் டாக்டர் இதை எப்படிக் குணப்படுத்துவார்? அதனால்தான் துறையில் ‘கல்’ என்றேன். நாளை என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. எல்லாம் முடிந்துபோன நேற்று என்ற அர்த்தத்தில்தான் வாயில் வந்தது. நீ கேட்டிராவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

ஆனால் பாதியில் அறுந்த ஒரு செய்தி இந்த வீட்டில் என்ன செய்தது என்பதை நாம் இருவரும் பார்த்துவிட்டோம். இரண்டாவது முறையும் வினைச்சொல் இல்லாத ஒரு ‘கல்’ உன்னிடம் வந்தது என்று இருக்கக் கூடாது. அந்த ஒரு காரணத்துக்காக, எந்தப் பலனும் வரும் என்ற நம்பிக்கை இல்லாமலே, பேசுகிறேன். நீ கட்டிலுக்கு அடியில் படுத்ததைச் சொல்வேன், அம்மியைச் சுற்றிப் பார்த்ததைச் சொல்வேன், இளநீரைச் சொல்வேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் அதையும் சொல்வேன். அதற்குமேல் என்னைப் பற்றிக் கேட்டால் லைனைத் துண்டித்துவிடுவேன். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவை.

கட்டிலுக்குக் கீழே பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நீ எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. கேட்டால் நீ ‘தெரியாது’ என்று உண்மையைச் சொல்வாய்.

டாக்டரிடம் இதை அப்படியே படி: அம்மா பேசுவார். திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, காலை பத்து மணி.